கேப்டனுக்கு ஆளத் தெரியுமா?

2023 டிசம்பர் கடைசி வாரத்தில் தமிழ்நாட்டில் யாரும் விஜயகாந்தைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. சாவு வீட்டில் அப்படித்தான். ஆகாதவன்கூட அன்றைக்கு ஒரு நல்லதை நினைவுபடுத்திச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவான். ஆனால் அந்த வாரம் காதில் விழுந்தது அந்த வழக்கமான மரியாதை மட்டுமல்ல. கோயம்பேட்டில் கட்சி அலுவலகத்துக்கு வெளியேயும், மறுநாள் தீவுத்திடலிலும், தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டிய இடத்திலெல்லாம் ஒரே ஆற்றாமை: இந்த மனுஷனை முதலமைச்சராக்காமல் விட்டுவிட்டோமே. 'மன்னிச்சிடுங்க கேப்டன்' என்று முன்பின் தெரியாதவர்கள் சமூக ஊடகத்தில் எழுதித் தள்ளினார்கள். அழுதவர்களில் பலருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அப்படியானால் 2015, 16இல் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். கையில் முதல் செல்போன் வந்த காலம். அந்தச் சின்னத் திரையில் அவர்கள் முதன்முதலில் பார்த்துச் சிரித்த அரசியல்வாதி அநேகமாக இவராகத்தான் இருந்திருப்பார். சுவரில் காலை ஊன்றி எதிரியை உதைக்கும் காட்சி, 'நரசிம்மா'வில் மின்சாரத்துக்கே ஷாக் கொடுக்கும் காட்சி, மேடையில் பாதியில் நின்றுபோன வாக்கியங்கள். சிரித்த முகமும் அழுத முகமும் ஒன்றுதான். இதைப் பாசாங்கு என்று சொல்லிவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். பாசாங்கு இல்லை என்பதுதான் உறுத்தல். சிரித்ததும் மனதாரச் சிரித்தது, அழுததும் மனதார அழுதது.

பத்து வருடம் தமிழ்நாடு இந்த மனிதரைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டது: இவருக்கு ஆளத் தெரியுமா? தெரியாது என்று 2016இல் ஓட்டுப் பெட்டி வழியாகப் பதில் சொன்னது. ஏழு வருடம் கழித்து, தெரிந்திருக்கும் என்று மாற்றிச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் அவருடைய ஆளும் திறன் பற்றிப் புதிதாக ஒரு தகவலும் வந்து சேரவில்லை. அவர் ஒரு பஞ்சாயத்தைக்கூட நடத்திக் காட்டவில்லை. பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தார். பிறகு எதை வைத்து மாற்றினோம்? சாப்பாட்டை வைத்து என்று சிலர் சொல்லலாம். தியாகராய நகர் ராஜாபாதர் தெரு அலுவலகத்தில் வாய்ப்புத் தேடி வந்தவனுக்கெல்லாம் இலை போட்ட கதை, படப்பிடிப்பில் கதாநாயகனுக்கு என்ன சாப்பாடோ அதுவே லைட்பாய்க்கும் என்று அடம்பிடித்த கதை. 1986இல் திரைப்படக் கல்லூரி மாணவர்களை நம்பி 'ஊமை விழிகள்' செய்தது, தலைவராக இருந்து நடிகர் சங்கக் கடனை அடைத்தது. எல்லாம் அந்த வாரம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. ஆனால் இவற்றில் எதுவும் புதிய செய்தி அல்லவே. 2005 செப்டம்பரில் மதுரையில் தேமுதிக என்று கட்சி தொடங்கியபோதே ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதிகள்தான். சிரித்துக்கொண்டிருந்தபோதும் நமக்கு இவையெல்லாம் தெரியும்.

முதலில் எனக்குத் தோன்றிய விடை, நாக்கு. அண்ணாவுக்குப் பிறகு இந்த மண்ணில் பேசத் தெரிந்தவனுக்கு ஆளத் தெரியும் என்று ஒரு எண்ணம் ஊறிப்போய்விட்டது. 1967க்கு முன்னால் எதிர்ப்பக்கத்துக்காரர்கள் சொன்னது நேர்மாறானது: மேடையில் அடுக்குமொழி பேசுகிறவர்களுக்குக் கோப்பு பார்க்கத் தெரியுமா, கூத்தாடிகளிடம் கோட்டையைக் கொடுக்கலாமா என்று. அந்த மார்ச் மாதத்தில் அண்ணா பதவியேற்றதோடு அந்தக் கேள்வி செத்தது. பேச்சே தகுதிச் சான்றிதழாக மாறிப்போனது. அதற்கு முன்பு ஒன்பது வருடம் ஆண்ட காமராஜர் மேடைப் பேச்சாளரே இல்லை. இரண்டு வார்த்தை, ஒரு 'பார்க்கலாம்', அவ்வளவுதான். அவரை வைத்து ஒருகாலத்தில் ஆட்சியை அளந்த அதே மக்கள், இரண்டு தலைமுறைக்குள் வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவனுக்கு வரவு செலவுத் திட்டத்தை முடிக்கத் தெரியாது என்று நம்பத் தொடங்கினார்கள். விஜயகாந்துக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருந்தது. திரையில் அவரைப் போலப் புள்ளிவிவரம் அடுக்கிய நடிகர் வேறு யாரும் கிடையாது. மூச்சு விடாமல் கோடிகளையும் சதவீதங்களையும் சொல்வார். வில்லன் வாயடைத்து நிற்பான். அப்படிப் பழகிய காதுக்கு, மேடையில் அதே மனிதர் ஒரு ஊர்ப் பெயரில் இடறி நின்றபோது வேடிக்கையாகத்தான் இருந்தது. திரையில் கேட்டதையே மேடையிலும் எதிர்பார்த்தோம்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் 2016 பிப்ரவரி 20 அன்று நடந்த மாநாட்டின் பதிவை அண்மையில் மறுபடி பார்த்தேன். மனைவி பிரேமலதா சரளமாகப் பேசுகிறார். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்தினால் விசில் பறக்கும் என்பது அவருக்கு அத்துபடி. பிறகு இவர் வருகிறார். ஒரு பெயரைத் தொடங்கி, கண்ணை இடுக்கி, இன்னொரு விஷயத்துக்குத் தாவி, 'ஏய், சத்தம் போடாதே' என்று கூட்டத்தை அதட்டி, அந்த அதட்டலிலேயே நூல் அறுந்து, எங்கே விட்டோம் என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார். ஒரு கணம் அந்த முகத்தில் தெரிவது கோபம் இல்லை, தேடல். அறைக்குள் வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்கும் வயதானவர்களின் முகம். அப்போது அவருக்கு 63 வயதுதான். அடுத்த நொடி, நான் கிங்கா, கிங்மேக்கரா என்று கேட்கிறார், கூட்டம் 'கிங்' என்று கத்துகிறது, அவர் சிரிக்கிறார். அந்தத் தேடிய கணத்தை வெட்டி எடுத்துத்தான் அந்தக் கோடை முழுக்க ஊர் சுற்றவிட்டார்கள்.

ஆனால் நாக்கு என்ற விடை நிற்காது. எம்.ஜி.ஆர். நினைவுக்கு வந்ததும் அது சரிந்துவிடுகிறது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு அவர் தொண்டைக்கு அருகே பாய்ந்தது. அதற்குப் பிறகு அவர் பேச்சு பழையபடி தெளியவே இல்லை. கழுத்துக் கட்டோடு அவர் இருக்கும் படத்தைச் சுவரொட்டியாக ஒட்டினார்கள். பரங்கிமலையில் வெற்றி பெற்றார். 1984இல் பக்கவாதம் வந்து நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் கிடந்தார். ஊருக்கு வராமலேயே ஆண்டிப்பட்டியில் வென்றார், கட்சியும் வென்றது. மருத்துவமனையில் அவர் உட்கார்ந்திருக்கும், சாப்பிடும் வீடியோவைக் கிராமம் கிராமமாகக் காட்டினார்கள். பேசக் கூட முடியாத ஒருவரிடம் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்த மக்கள், பேசும்போது தடுமாறிய ஒருவரைப் பார்த்து எப்படி ஆளத் தெரியாதவர் என்றார்கள்? பதவியில் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் என்று ஒரு பதில் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் 1967இல் எம்.ஜி.ஆரும் எந்தப் பதவியிலும் இல்லை.

நான் யோசித்தவரைக்கும் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. எம்.ஜி.ஆரின் தடுமாற்றத்துக்கு ஊரறிந்த ஒரு கதை இருந்தது. குண்டு பாய்ந்த தொண்டை. சாவை வென்று வந்த குரல். ஒவ்வொரு முறை அவர் சொல்லில் இடறும்போதும் கேட்பவனுக்கு அந்தக் கதை ஞாபகம் வந்தது, கண் கலங்கியது. விஜயகாந்தின் தடுமாற்றத்துக்குக் கதை இல்லை. உடம்புக்கு என்ன என்று கட்சி சொல்லவில்லை, வீடு சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. சினிமாவில் பலசாலியாகவே இருந்த ஆள், நோயாளி என்று தெரிந்தால் கட்சி கலைந்துவிடும் என்று பயந்திருக்கலாம். காரணம் சொல்லப்படாத தடுமாற்றத்துக்கு நாமே காரணம் எழுதிக்கொண்டோம்: தண்ணி. 2011 பிரசாரத்தில் நகைச்சுவை நடிகர் வடிவேலு ஊர் ஊராகப் போய் அந்தக் கதையைத்தான் நடித்துக் காட்டினார். தேர்தலில் அது எடுபடாமல் போனாலும் சொல் ஒட்டிக்கொண்டது. 2003இலிருந்து அரசாங்கமே கடை திறந்து சாராயம் விற்கும் மாநிலத்தில் ஒரு அரசியல்வாதியைச் சாய்க்க இதுதான் கூர்மையான ஆயுதம் என்பது விசித்திரம். வருவாயைத் தருகிற குடிகாரன் வேண்டும். வருவாயைச் செலவு செய்கிற இடத்தில் குடிகாரன் உட்காரக் கூடாது. அவர் உண்மையில் எவ்வளவு குடித்தார் என்பது இங்கே விஷயமில்லை. அந்த ஒரு சொல் கிடைத்ததும் மற்ற எல்லாக் கேள்விகளும் தேவையற்றுப் போயின என்பதுதான் விஷயம்.

கதை மாறிய இடத்தையும் ஓரளவு குறித்துச் சொல்ல முடியும். 2018 ஆகஸ்டில் கருணாநிதி இறந்தபோது விஜயகாந்த் அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார். அங்கிருந்து ஒரு வீடியோ வந்தது. இரங்கல் சொல்ல ஆரம்பிக்கிறார், உடைந்து அழுகிறார், வாக்கியம் முடியவில்லை. திரும்பி வந்ததும் விமான நிலையத்திலிருந்து நேராக மெரினாவுக்குப் போய் அந்தச் சமாதியில் நின்றும் அழுதார். அதே முடியாத வாக்கியம்தான். ஆனால் இந்த முறை காரணம் கண்ணுக்குத் தெரிந்தது: நோய். யாரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவருடைய பழைய பேச்சுகளைப் பார்த்தவர்களுக்கும் வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. காஞ்சிபுரத்தில் கண்ணை இடுக்கியது போதையால் அல்ல, உடம்பு முடியாமல் என்று பின்தேதியிட்டு எல்லாவற்றையும் திருத்தி எழுதிக்கொண்டார்கள். 2023இல் சாவு வந்து அந்தத் திருத்தத்துக்கு முத்திரை குத்தியது. இப்படிப் பார்த்தால் சிரிப்பும் அழுகையும் ஒரே வேலையைத்தான் செய்தன. இரண்டும் ஒரு இடறலுக்கு விளக்கம் தேடின. ஒன்றில் அவர் குற்றவாளி, மற்றதில் பாதிக்கப்பட்டவர். நடுவில் ஆளத் தெரியுமா என்ற கேள்வி எங்கேயோ விழுந்துவிட்டது, யாரும் குனிந்து எடுக்கவில்லை.

எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொரு புதிர். 2006இல் கூட்டணி இல்லாமல் போட்டியிட்டு ஏறத்தாழ 8.4 சதவீத ஓட்டு. மதுரைக்காரர் விருத்தாசலத்துக்குப் போய், பாமகவின் கோட்டையில் நின்று, தான் ஒருவர் மட்டும் ஜெயித்தார். 2009 மக்களவைத் தேர்தலில் மறுபடி தனியாக நின்று 10 சதவீதம் தாண்டியது. ஒரு இடம்கூட இல்லை. 2011இல் அதிமுகவோடு சேர்ந்தார்; 41 இடங்களில் நின்று 29இல் வெற்றி. திமுக 23க்குச் சுருங்கியதால் எதிர்க்கட்சித் தலைவர் பதவி, அமைச்சர் அந்தஸ்து. 2014இல் பாஜக கூட்டணி, 5 சதவீதம் சொச்சம். 2016இல் வைகோ, திருமாவளவன், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாரும் சேர்ந்து இவர்தான் முதலமைச்சர் வேட்பாளர் என்றார்கள். 2.4 சதவீதம். உளுந்தூர்பேட்டையில் அவரே மூன்றாம் இடம். அதாவது நாற்காலிக்கு வாய்ப்பே இல்லாத நாளில் பத்துப் பேரில் ஒருவர் ஓட்டுப் போட்டார். இவரை நாற்காலியில் வைக்கப் போகிறோம் என்று முறையாக அறிவித்த நாளில் நாற்பது பேரில் ஒருவர்தான் போட்டார். சிரிப்பு மட்டுமே காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது. 2009க்கு முன்பே சிரிப்பு இருந்தது. ஆரம்பத்தில் விழுந்த ஓட்டில் பெரும்பகுதி இவர் ஆள வேண்டும் என்பதற்காக விழவில்லை, திமுக, அதிமுக இருவரும் ஆண்டது போதும் என்பதற்காக விழுந்தது. அந்த இருவரில் ஒருவரோடு போய்ச் சேர்ந்த அன்றைக்கே அந்த ஓட்டுக்குக் காரணம் போய்விட்டது. 29 இடங்கள் வந்ததில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

'நம்ம ஓட்டு வீணாகிவிடக் கூடாது' என்று ஒரு பேச்சு எல்லா ஊர் டீக்கடையிலும் உண்டு. ஜெயிக்கிறவனுக்குப் போட்ட ஓட்டுதான் ஓட்டு. கருத்துக்கணிப்பு எடுக்க வருகிறவர் அடுத்த முதலமைச்சராக யார் வர வேண்டும் என்று கேட்பார். நம் ஆட்கள் யார் வருவார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்வார்கள். கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. இப்படித்தான் வாய்ப்பும் தகுதியும் ஒன்றோடு ஒன்று குழம்புகின்றன. வரமாட்டார் என்று தோன்றிவிட்டால் தகுதி இல்லை என்று தோன்றத் தொடங்கும். தகுதி இல்லை என்று நாலு பேர் சொன்னால் வரமாட்டார் என்பது உறுதியாகும். எதிர்க்கட்சியில் இருப்பவர் இந்தச் சுழலுக்குள் மாட்டினால் வெளியே வருவது கடினம். ஆளுங்கட்சித் தலைவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. உட்கார்ந்திருப்பதே சான்று. 2011 முதல் 16 வரை ஜெயலலிதா செய்தியாளர்களைச் சந்தித்தது மிகவும் அபூர்வம். நடுவில் 2014 செப்டம்பரில் பெங்களூரு நீதிமன்றம் சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டித்து, அடுத்த மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்து, அதற்குள் ஒரு முதலமைச்சர் வந்து போய், மறுபடி அவரே வந்து, 2016இல் மறுபடி ஜெயித்தார். சரியா, தவறா என்று அப்போது எவ்வளவோ விவாதித்தார்கள். அவருக்கு ஆளத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பேசாமல் இருப்பது கம்பீரமாகத் தெரிந்தது. பேசிப் பேசி மாட்டிக்கொண்டவர் கோமாளியாகத் தெரிந்தார்.

2015 டிசம்பர் 27 அன்று சென்னையில் ஒரு ரத்ததான முகாமில் செய்தியாளர் ஒருவர் கேட்டார், 2016இல் அதிமுக மறுபடி ஆட்சிக்கு வருமா என்று. இந்தக் கேள்வியை ஜெயலலிதாவிடம் போய்க் கேட்க உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா என்ற பொருளில் திருப்பிக் கேட்டவர், 'தூ' என்று துப்பினார். அந்த ஒற்றை எழுத்து அவருடைய பத்து வருட அரசியலைவிட நீண்ட நாள் வாழ்கிறது. செய்தியாளரைப் பார்த்துத் துப்பியதற்குச் சமாதானமே கிடையாது. கேள்வியைத் தாங்காதவர் கோட்டையில் உட்கார்ந்தால் என்ன செய்வார் என்ற பயம் நியாயமான பயம். அதே சமயம் அந்தத் துப்பலுக்குள் இருந்த குற்றச்சாட்டும் நியாயமானதுதான். அந்த ஐந்தாண்டில் அரசை விமர்சித்தவர்கள் மீது அவதூறு வழக்குகள் வரிசையாகப் பாய்ந்தன, அவர் மீதும் பிரேமலதா மீதும்கூட. 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிரான பிடிவாரண்டை நிறுத்தி வைத்ததோடு, விமர்சிப்பதே அவதூறாகிவிடாது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி கேட்கவே முடியாத இடம் ஒன்று, கேள்வி கேட்டால் கோபப்படுகிற இடம் ஒன்று. எல்லாரும் இரண்டாவது இடத்தில்தான் போய்க் கேட்டார்கள். கேட்கிறவனுக்கு அங்கேதான் ஆபத்து குறைவு.

இன்னொரு துண்டுப் படம். 2012 பிப்ரவரி 1. விலைவாசியும் பால், பேருந்துக் கட்டணமும் பற்றிய பேச்சில் சட்டப்பேரவையில் கூச்சல். விஜயகாந்த் எழுந்து, நாக்கைக் கடித்து, விரலை நீட்டி ஆளுங்கட்சி வரிசையைப் பார்த்து ஏதோ சொல்கிறார். பத்து நாள் இடைநீக்கம். இந்தக் காட்சியைப் பார்க்காத தமிழன் குறைவு. ஆனால் அப்போது பேரவை நேரடியாக ஒளிபரப்பாகவில்லை. அரசுத் தரப்பு வெட்டிக் கொடுத்ததைத்தான் தொலைக்காட்சிகள் போட்டன. எதிர் வரிசை அதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன சொன்னது, யார் யார் எழுந்து நின்றார்கள், ஒன்றும் நமக்குத் தெரியாது. எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆளத் தெரியுமா என்று நாம் தீர்ப்பெழுதிய ஆவணத்தை ஆளுங்கட்சிதான் கத்தரித்துத் தந்தது. பிறகு அவை நடவடிக்கைகளை நேரலையில் காட்ட வேண்டும் என்று அவரும் உயர் நீதிமன்றம் போனார். கேள்வி நேரம் நேரலையாக வந்தது 2022 ஜனவரியில்தான். அதற்குள் அவர் பேரவையிலும் இல்லை, பேசும் நிலையிலும் இல்லை. இதில் ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைத்துவிட்டு நகர முடியாது. அந்த மோதலுக்குப் பிறகு அவர் அவைக்கு வந்ததே குறைவு. எதிர்க்கட்சித் தலைவர் என்றால் மானியக் கோரிக்கை ஒவ்வொன்றிலும் துறையைப் பிரித்து மேய வேண்டும், தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குடைய வேண்டும். ஆட்சிக்கு அதுதான் ஒத்திகை. அங்கே நாற்காலி காலியாகக் கிடந்தது. அவமானப்படுத்தினார்கள், மைக் கொடுக்கவில்லை என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். காலி நாற்காலி காலி நாற்காலிதான். ஆனால் இதை வைத்து ஒரு மீம்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை. இல்லாத ஒன்றைப் படம் பிடிக்க முடியாதே.

ஆகவே மக்கள் தப்புச் செய்துவிட்டார்கள், ஒரு நல்ல முதலமைச்சரை இழந்துவிட்டார்கள் என்று சேர்ந்து அழ எனக்கு மனம் வரவில்லை. கிடைத்திருக்கும் தடயங்களை வைத்துப் பார்த்தால் அவர் ஆட்சி சிரமமான ஆட்சியாக இருந்திருக்கும். முடிவெடுக்கத் தயங்கியவர், 2016இல் யாரோடு கூட்டணி என்று கடைசி வரை எல்லாக் கட்சிகளையும் வாசலில் நிறுத்தி வைத்தவர். வீட்டுக்கும் கட்சிக்கும் நடுவில் சுவர் இல்லாதவர். இலை போடுகிற கையின் ஈரம் பெரிய விஷயம்தான், ஆனால் ஒரு தெருவுக்குச் சோறு போடுவதும் ஏழு கோடிப் பேருக்கு ரேஷன் கொண்டுபோவதும் வேறு வேறு வேலை. சுவாரசியம் என்னவென்றால், ரேஷன் பொருள் வீடு தேடி வரும் என்று 2006இலேயே அவர்தான் சொன்னார். நடக்கிற காரியமா என்றார்கள். 2025 ஆகஸ்டில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே ரேஷன் தரும் 'தாயுமானவர்' திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. யோசனை சொன்னவருக்கு அதை நடத்தும் திறனும் இருந்திருக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கோமாளி என்பதற்கும் இது இடம் கொடுக்கவில்லை. 2016இல் மக்கள் சொன்ன விடை சரியாகவே இருக்கலாம். வழியெல்லாம் தப்பாகப் போட்டுக் கடைசி வரியில் மட்டும் சரியான எண்ணை எழுதிய பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது அது. அப்படி எழுதியவன் அடுத்த கணக்கைப் போடும்போதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு மாநிலத்தை ஒரு ஆள் ஆள்வதில்லை. முப்பது அமைச்சர்கள், செயலாளர்கள், கோப்புகள், நிதித்துறையின் 'முடியாது'. இந்த எளிய உண்மை நம் மக்கள் கருத்தில் எங்குமே இடம்பெறுவதில்லை. விஜயகாந்த் முதலமைச்சரானால் நிதி யாரிடம், மின்சாரம் யாரிடம் என்று அந்தப் பத்து வருடத்தில் யாராவது கேட்டு நான் கேட்டதில்லை. 2011இல் அவரோடு 28 பேர் பேரவைக்குள் போனார்கள். அந்த 28இல் எட்டுப் பேர் தொகுதிக் குறை சொல்லப் போகிறோம் என்று ஒவ்வொருவராக முதலமைச்சர் ஜெயலலிதாவைச் சந்தித்து, அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். 2016 பிப்ரவரியில் அவர்கள் பதவி விலகியதும் எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தும் போயிற்று. தன் கூட்டத்தைக் கட்டிக் காக்கத் தெரியுமா என்பது ஆளத் தெரியுமா என்பதன் முதல் பாடம். அதுவாவது கொஞ்சம் பேசப்பட்டது, நகைச்சுவையாக.

பேசப்படாமல் போனது பண்ருட்டி ராமச்சந்திரன். பொறியாளர். 1967இல் பேரவைக்குள் வந்தவர், கருணாநிதி அமைச்சரவையிலும் எம்.ஜி.ஆர். அமைச்சரவையிலும் இருந்தவர், மின்சாரத் துறையைக் கையாண்டவர், ஈழப் பிரச்சினையில் எம்.ஜி.ஆர். நம்பி டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிய ஆள். 2005இல் விஜயகாந்த் கட்சி தொடங்கியதிலிருந்து கூட இருந்தார், அவைத்தலைவராக. 2011இல் ஆலந்தூரில் ஜெயித்தார். அந்த முரசுச் சின்னக் கட்சியில் அரசாங்கம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று அறிந்திருந்த மனிதர் அநேகமாக அவர் ஒருவர்தான். அப்போது தமிழ்நாடு நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டில் புழுங்கிக்கொண்டிருந்தது. மின்சார அமைச்சராக இருந்த ஒருவர் பிரதான எதிர்க்கட்சியின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கப் போன கேமராக்கள் குறைவு. அவருடைய தலைவர் எப்போது நாக்கைக் கடிப்பார் என்று காத்திருந்தவை அதிகம். 2013 டிசம்பரில் வயதையும் உடல்நலத்தையும் சொல்லிக் கட்சியையும் சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் விட்டு விலகினார். சில மாதத்தில் அதிமுகவில் சேர்ந்தார். தேமுதிகவுக்கு ஆளத் தெரியுமா என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைத்த நாள் எது என்று என்னைக் கேட்டால், உளுந்தூர்பேட்டை எண்ணிக்கை நாளைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். மறுநாள் அது ஒரு சாதாரண அரசியல் செய்தியாக வந்து போனது. ஆலந்தூருக்கு 2014 ஏப்ரலில், மக்களவைத் தேர்தலோடு சேர்த்து, இடைத்தேர்தல் வைத்தார்கள். அதிமுக ஜெயித்தது.